எண்பத்து மூன்று நிமிடம் சும்மா நின்ற கோல்கீப்பர்

ஓசூரிலிருந்து ஜூஜுவாடிக்குப் போகிற நெடுஞ்சாலையில், லாரிப் புகைக்கும் கம்பெனிச் சங்குக்கும் நடுவில், ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியில் சும்மா நிற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் எச்சில் துப்பாதே, குப்பை போடாதே என்று பலகை வைப்பார்கள் இல்லையா? இங்கே வாசலிலேயே, 'இவ்வளாகத்தில் சும்மா நிற்றல் கூடாது' என்று மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பலகையைப் படிக்க நின்ற இரண்டு பெற்றோரை வாட்ச்மேன் விரட்டிவிட்டதாகக் கேள்வி.

கல்லூரித் தாளாளர் ஆனந்தராஜ் அடிப்படையில் நட்டு போல்ட்டுக்காரர். நாற்பது மெஷின் வைத்து நாளைக்கு லட்சம் நட்டு போடுகிற கம்பெனி அவருடையது. நட்டு நன்றாக வந்ததைப் பார்த்து, படிப்பும் அப்படியே வரும் என்று கல்லூரி கட்டினார். வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கம்பெனியில் எந்தப் புது மோஸ்தர் வந்தாலும் மறுமாதம் அது கல்லூரிக்கு வந்துவிடும், அது மட்டும் எனக்குத் தெரியும். ஒரு வருஷம், எந்தப் பொருளை வைத்தாலும் அதைச் சுற்றி மஞ்சள் கோடு போடுகிற மோஸ்தர் வந்தது. பிரின்சிபால் மேஜையில் டீ டம்ளருக்குக்கூடக் கோடு போட்டார்கள். இந்த வருஷம் வந்தது ஸ்டாப்வாட்ச்.

ஸ்டாப்வாட்ச் தானாக வரவில்லை. குருமூர்த்தியின் கழுத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருஷம் கம்பெனியில் ஒவ்வொரு ஆளும் ஒரு நட்டுக்கு எத்தனை விநாடி எடுக்கிறான் என்று பக்கத்தில் நின்று நேரம் பிடித்தவர் அவர். ரிட்டையர் ஆனதும் 'பயன்பாட்டு அலுவலர்' என்ற பட்டத்தோடு கல்லூரியில் இறக்கிவிட்டார்கள். வந்த வாரமே நூலகத்தில் நூலகர் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார். அந்தம்மாவுக்குக் கேண்டீன் டோக்கன் கிழிக்கிற வேலை கூடுதலாகக் கிடைத்தது.

அதற்கடுத்த வாரம்தான் அவர் மைதானத்துக்கு வந்தார். அங்கே கோல் கம்பத்துக்கு நடுவில் மாதேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள்.

மாதேஸ்வரி யார் என்று சொல்லிவிடுகிறேன். கர்நாடக எல்லையில் இருக்கிற தளிப் பக்கத்துப் பொண்ணு. அப்பா திம்மப்பன் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லோடுமேன். ஞாயிற்றுக்கிழமையில் முட்டைக்கோஸ் லாரி ஏற்றுவார். கீழேயிருந்து ஒருவர் கோஸை வீச வீச, லாரிமேல் நிற்கிறவர் பிடித்து அடுக்க வேண்டும். பத்து வயசில் மாதேஸ்வரி லாரிமேல் நின்று பிடிக்க ஆரம்பித்தாள். ஒரு லோடுக்கு ஒரு கோஸ்கூடக் கீழே விழாது. அதைப் பார்த்த பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் அவள் கையில் பந்தைக் கொடுத்தார். பதினாறு வயசில் இந்தியாவின் இளையோர் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய் இரண்டு மேட்ச் ஆடிவிட்டு வந்தாள். இப்போது பி.காம். மூன்றாம் வருஷம். ஐந்தடி ஒன்பது அங்குல உயரம், தெரு முனை வரைக்கும் கேட்கிற குரல். வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கேம்ப்பில் இந்தி என்று நாலு பாஷையிலும் தடுப்பாட்டக்காரிகளை விரட்டுவாள். "சுவாதி, எடப்பக்கம்! ஹிந்தே நோடே! பின்னால பாரு! ஆள விடாத!" என்று அவள் தொண்ணூறு நிமிடமும் போடுகிற சத்தத்தில் எதிரணிக்காரிகள் பாதிப் பேர் வழி தவறிவிடுவார்கள். மண்டலக் கோப்பையைக் கல்லூரி இரண்டு வருஷமாக அவளால்தான் வாங்கியது.

இப்போது இருபது வயசுக்குட்பட்டோர் இந்திய அணிக்கான கேம்ப்பிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. பதினெட்டாம் தேதி கொல்கத்தாவில் இருக்க வேண்டும். கையில் கல்லூரியின் அனுமதிக் கடிதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அம்மா சாந்தம்மா அன்றைக்கே புதுப் பை வாங்கி, ஊறுகாய் பாட்டிலை அதற்குள் வைத்தும்விட்டார்.

அனுமதிக் கடிதம்தானே, பிரின்சிபால் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் புது விதிப்படி, பயன்பாட்டுச் சதவீதம் அறுபதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்தக் கடிதமும் கிடையாது.

குருமூர்த்தி கோல் கம்பத்தில் சாய்ந்து நின்று ஒரு மேட்ச் முழுக்க நேரம் பிடித்தார். மறுநாள் அறிக்கை வந்தது. 'மேற்படி மாணவி மொத்தம் தொண்ணூறு நிமிடத்தில் ஆறு நிமிடம் நாற்பது விநாடி மட்டுமே பந்தைக் கையாண்டுள்ளார். எஞ்சிய எண்பத்து மூன்று நிமிடம் இருபது விநாடி சும்மா நின்றுள்ளார். பயன்பாடு ஏழு புள்ளி நான்கு சதவீதம். வளாகத்தில் இதைவிடக் குறைவாக உள்ளது கொடிக்கம்பம் மட்டுமே.'

மாதேஸ்வரி அறிக்கையை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள். கூடவே உடற்கல்வி இயக்குநர் நிர்மலா மேடமும் போனார்.

"நான் சும்மா நிக்கல சார். பந்து எங்க வருது, யாரு எங்க ஓடறாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"பாக்கறது வேலை இல்லம்மா. அதுக்கு கேமரா இருக்கு."

"பாத்து சத்தம் போட்டேனே சார், அவங்க எங்க நிக்கணும்னு."

"அத தனியா குறிச்சிருக்கேன். ஆனா சத்தம் வேலைக் கணக்குல வராது. சத்த மாசுல வரும்."

"சார், அந்த மேட்ச் நாம மூணு சைபர்ல ஜெயிச்சோம்," என்றார் நிர்மலா மேடம்.

"யாரு தோத்தோம்னு சொன்னா? மெஷின் நல்லா ஓடறது வேற, ஆப்பரேட்டர் சும்மா நிக்கறது வேற." குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. "கவலப்படாதம்மா. உன் சதவீதத்த ஏத்தறது என் பொறுப்பு. நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்?"

முதலில் கோல் கம்பத்தடியில் ஒரு மேஜை வந்தது. மேஜைமேல் தட்டு நிறைய நட்டு. பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போது அவள் நல்ல நட்டு, சொத்தை நட்டு என்று பிரிக்க வேண்டும். 'மாணவி ஏற்கெனவே கையுறை அணிந்திருப்பதால் கூடுதல் ஏற்பாடு தேவையில்லை' என்று குறிப்பில் எழுதியிருந்தார். முதல் நாள் பயிற்சியிலேயே பந்து வந்தது, அவள் பாய்ந்தாள், தட்டு கவிழ்ந்தது. புல்லுக்குள் பதினாலு நட்டு காணாமல் போயிற்று. கம்பெனி ஸ்டோரிலிருந்து குருமூர்த்திக்கு மெமோ வந்தது. மேஜை போய்விட்டது.

இரண்டாவதாக அவருக்குக் கம்பெனியின் பழைய தாரக மந்திரம் ஞாபகம் வந்தது: ஒரு ஆப்பரேட்டர், இரண்டு மெஷின்.

"அந்தப் பக்கத்து கோலையும் நீயே பாத்துக்கோ. பந்து ஒரு நேரத்துல ஒரு பக்கம்தானே இருக்கு?"

"சார், அது எதிர்டீமோட கோலு. அதுல பந்து போனாத்தான் நாம ஜெயிப்போம்."

"அது மார்க்கெட்டிங் டிபார்ட்மெண்ட் விஷயம். நீ உன் வேலையப் பாரு."

இதை நடுவரிடம் கேட்டபோது அவர் குருமூர்த்தியை வெகுநேரம் பார்த்துவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தேதி பத்தாகிவிட்டது. வீட்டில் திம்மப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. "எம்பொண்ணு சும்மா நிக்கிறாளாமா? அந்த ஆள வந்து நிக்கச் சொல்லு பாக்கலாம், ஒரு பந்து மூஞ்சில பட்டா தெரியும்! எங்க கம்பெனிலயும் இப்படித்தான், லாரி வர்ற வரைக்கும் ஒக்காந்தா சும்மா ஒக்காந்தான்னு எழுதிக்கறானுங்க. லாரி வராம நான் எதத் தூக்கறது, என் தலையவா?" என்று கத்தினார். சாந்தம்மா பையிலிருந்த ஊறுகாயை வெளியே எடுத்து வைத்தார். மறுபடி உள்ளே வைத்தார். இந்தக் கேம்ப்பை விட்டால் வயசு வரம்பு தாண்டிவிடும், அப்புறம் இளையோர் அணிச் சட்டை மாதேஸ்வரிக்குக் கிடையாது.

மறுநாள் நிர்மலா மேடம் பொறுமை இழந்து குருமூர்த்தியிடம் எகிறினார். "சார், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. முன்னாடி நாலு பொண்ணுங்க தடுக்கறாங்க, அதனாலதான் பந்து இவகிட்ட வரதில்ல!"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் குருமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படின்னா ஒரே வேலைய அஞ்சு பேர் பாக்கறாங்க!"

அன்றைக்கே கால்பந்து விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்தார். ஓர் அணிக்கு ஏழு பேர் இருந்தாலே ஆட்டம் தொடங்கலாம் என்று அதில் இருந்தது. அவருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. ஏழு பேர் போதும் என்று உலகமே ஒத்துக்கொண்ட இடத்தில் இந்தக் கல்லூரி பதினொரு பேரை நிறுத்தி வைத்திருக்கிறது! தாளாளர் ஆனந்தராஜுக்குக் குறிப்பு போயிற்று. 'உபரி ஆட்பலம் நான்கு கண்டறியப்பட்டு நீக்கப்படுகிறது. இதனால் பேருந்தில் நான்கு இருக்கைகளும் வாழைப்பழம் எட்டும் மிச்சம்.' ஆனந்தராஜ் ஓரத்தில் 'பாராட்டுக்குரியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மண்டல இறுதிப்போட்டி பதினான்காம் தேதி, கிருஷ்ணகிரியில். எதிரணியில் பதினொரு பேர், நம் பக்கம் ஏழு பேர். நடுவர் எண்ணிப் பார்த்தார், விதிப்புத்தகத்தைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு விசில் ஊதினார். நீக்கப்பட்ட சுவாதியும் மற்ற மூவரும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, சும்மா உட்காரக் கூடாது என்பதற்காக, ஆளுக்கொரு பக்கம் பார்வையாளர் கருத்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு மாதேஸ்வரி மேல் மழை மாதிரி பந்து விழுந்தது. இடது பக்கம் பாய்ந்தாள், வலது பக்கம் பாய்ந்தாள், காலால் உதைத்தாள், மார்பில் வாங்கினாள், ஒரு பந்தைத் தாடையால் தடுத்தாள். மொத்தம் நாற்பத்திரண்டு பந்து. முப்பத்தெட்டைத் தடுத்தாள். நாலு உள்ளே போயிற்று. கோப்பை கையைவிட்டுப் போயிற்று. முழங்கால் தோல் உரிந்து, கண்ணில் மண்ணோடு அவள் வெளியே வந்தபோது குருமூர்த்தி ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எழுபத்தொரு சதவீதம்மா! அறுபத்து நாலு நிமிஷம் ஒழைச்சிருக்க! என் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஏத்தத்தப் பாத்ததில்ல."

"அப்ப லெட்டர் சார்?"

"நாளைக்கே. தரப் பிரிவுல மட்டும் ஒரு கையெழுத்து."

தரப் பிரிவு என்பது நாராயணப்பன். அவரும் கம்பெனியிலிருந்து வந்தவர்தான். குருமூர்த்தியும் அவரும் இருபது வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிட்டும் பேசிக்கொள்ளாதவர்கள். மறுநாள் மாதேஸ்வரி நீட்டிய மேட்ச் அறிக்கையை அவர் வாங்கி, கால்குலேட்டரைத் தட்டினார்.

"நாப்பத்திரண்டுக்கு நாலு ரிஜெக்ட். ஒம்பதரை சதவீதம். எங்க கம்பெனில பத்தாயிரம் நட்டுக்கு ஒரு நட்டு சொத்தையா போனாலே வண்டி கவுந்துடும். நீ நாலு விட்டிருக்க. போன மாசம் எத்தனை?"

"ஒண்ணுமே இல்லைங்க சார்."

"பாத்தியா, தரம் சரிஞ்சிருக்குது. இதுக்கு மூல காரணம் கண்டுபிடிக்காம கையெழுத்துப் போட முடியாது." ஒரு படிவத்தை நீட்டினார். அதில் 'ஏன்?' என்று ஐந்து முறை அச்சடித்திருந்தது. ஒவ்வொரு ஏனுக்கும் கீழே பதில் எழுத ஒரு கோடு. "கம்பெனில எந்தத் தப்பு நடந்தாலும் அஞ்சு தடவ ஏன்னு கேக்கணும். அஞ்சாவது ஏன்ல மூல காரணம் மாட்டிக்கும். அத சரி பண்ணிட்டா தப்பு திரும்ப வராது. மனசுல இருக்கிறத மறைக்காம எழுது."

மாதேஸ்வரிக்கு அப்போது பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லை. பேனாவை வாங்கி எழுதினாள்.

ஏன் கோல் விழுந்தது? பந்து நிறைய வந்தது.

ஏன் பந்து நிறைய வந்தது? தடுக்க ஆள் இல்லை.

ஏன் ஆள் இல்லை? என் சதவீதத்தை ஏற்ற எடுத்துவிட்டார்கள்.

ஏன் சதவீதத்தை ஏற்றினார்கள்? ஏற்றினால்தான் அனுமதிக் கடிதம்.

ஏன் அனுமதிக் கடிதம்? நான் கேட்டேன்.

நாராயணப்பன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இரண்டு முறை படித்தார். அப்புறம் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"மாட்டிக்கிச்சு! நீ லெட்டர் கேட்டதுதான் மூல காரணம். கேக்காம இருந்திருந்தா நாலு கோலும் விழுந்திருக்காது."

"அப்ப லெட்டர் கிடையாதா சார்?"

"யாரும்மா சொன்னா? கிடைக்கற வரைக்கும் நீ கேட்டுக்கிட்டேதானே இருப்ப? கொடுத்துட்டா கேக்க மாட்ட. நீ கேக்கறது நின்னா மூல காரணம் போச்சு." சொல்லிக்கொண்டே 'திருத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில், 'மாணவி இனிக் கடிதம் கேட்காதிருக்கும் பொருட்டு அவருக்குக் கடிதம் வழங்கப்படுகிறது' என்று எழுதி, நாலு இடத்தில் முத்திரை குத்தினார். மாதேஸ்வரி அதைப் பிடுங்கிக்கொண்டு பிரின்சிபாலிடம் ஓடிக் கடிதத்தை வாங்கிவிட்டாள். அன்று சாயங்காலமே ரயில் ஏறினாள், ஊறுகாய் பாட்டிலோடு.

கொல்கத்தா கேம்ப்பில் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த மாதம் வெளிநாட்டு அணி ஒன்று வந்தபோது கோல் கம்பத்தில் மாதேஸ்வரிதான் நின்றாள். முன்னால் தடுப்பாட்டக்காரிகள் நாலு பேரும் முழுசாக இருந்தார்கள். தொண்ணூறு நிமிடமும் நாலு பாஷையில் கத்திக்கொண்டே இருந்தாள். ஒரு பந்துகூட ஒழுங்காக அவளை நெருங்கவில்லை. இந்தியா இரண்டு சைபரில் ஜெயித்தது. எதிர்ப் பக்கத்து கோல்கீப்பர் பாவம், விழுந்து விழுந்து எழுந்தாள். மாதேஸ்வரியின் பயிற்சியாளர் அவள் தோளைத் தட்டி, 'இன்னிக்கு மேட்ச் உன்னோடது' என்றார். ஆனால் அது கேமராவில் வரவில்லை. அவள் குரலும் வரவில்லை, வர்ணனைக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

ஊரில் மொத்த ஜனமும் போனில் மேட்ச் பார்த்திருந்தது. அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"ஜெயிச்சீங்க, சந்தோஷம்மா. ஆனா உன்ன ரெண்டு வாட்டிதானே காட்டினாங்க? மீதி நேரமெல்லாம் என்ன பண்ணிட்டிருந்த?"

"நின்னுட்டிருந்தேன்பா."

"ஊர்ல எல்லாரும் அதான் கேக்கறாங்க. அந்தப் பக்கத்துப் பொண்ணு என்னமா ஒழைச்சா! பாக்கவே பாவமா இருந்துச்சு. நீயும் கொஞ்சம் அப்படி இப்படி விழுந்து எந்திரிச்சிருக்கலாம்."

மாதேஸ்வரி போனை வைத்தாள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவள் வந்து இறங்கியபோது எதிரிலேயே இருபதடி ஃப்ளெக்ஸ். 'ஓயாத உழைப்பே, ஓசூரின் சிங்கமே, வருக!' மேலே ஆனந்தராஜ் கும்பிட்டார். ஓரத்தில் குருமூர்த்தி ஸ்டாப்வாட்சோடு சிரித்தார். கீழே ஊர்க்காரர்கள் முப்பது பேர் படம், அதில் திம்மப்பனும் இருந்தார். நடுவில் ஒரு பெண் அந்தரத்தில் பறந்து பந்தை எட்டிப் பிடிக்கிறாள். சட்டை நீலம்தான், ஆனால் மேலே பூசிய நீலத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது வேறு நிறம். அழைத்துப் போக வந்திருந்த சாந்தம்மா அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்டி, இது நீ மாதிரியே இல்லையே?"

"நானில்லம்மா. நாங்க ரெண்டு கோல் போட்டமே, அந்த எதிர்டீம் கோல்கீப்பர் பொண்ணு."

அவள் படம் ஒன்றுகூட அகப்படவில்லையாம். அகப்பட்ட எல்லாவற்றிலும் நின்றுகொண்டே இருந்தாளாம். சும்மா நிற்கிற படத்தை அந்தக் கல்லூரி எப்படிப் போடும்?

கல்லூரி அரங்கில் பாராட்டு விழா. சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள். போட்டோக்காரர் மேடைக்கு வந்து, "மேடம், ஃப்ளெக்ஸ்ல இருக்கற மாதிரி ஒரு டைவ் அடிங்களேன், பேப்பருக்கு வேணும்" என்றார்.

"பந்து?"

"பந்து எதுக்கு மேடம்? விழறது தெரிஞ்சா போதும்."

ஆகட்டும் என்று ஆனந்தராஜ் கையைக் காட்டினார். குருமூர்த்தி ஸ்டாப்வாட்சை எடுத்தார். முன் வரிசையில் அப்பாவும் அம்மாவும் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். மாதேஸ்வரி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, இல்லாத பந்தை நோக்கிப் பாய்ந்து கம்பளத்தில் விழுந்தாள். போட்டோக்காரர் தவறவிட்டார். மறுபடி விழுந்தாள். மைக்செட்காரர் குறுக்கே வந்துவிட்டார். மூன்றாவது முறை விழுந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நிர்மலா மேடம் மட்டும் தட்டவில்லை. அவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

திம்மப்பன் மேடையேறி வந்து மகளைத் தூக்கி நிறுத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத்தாம்மா கண்ணால பாத்தேன், நீ எவ்ளோ கஷ்டப்படறேன்னு."

மாதேஸ்வரி முழங்கையில் ஒட்டியிருந்த கம்பளத் தூசியைத் தட்டிக்கொண்டே, "ஆமாப்பா" என்றாள்.